ஒரே சர்நேம், ஆனா பங்காளியா? டிஎன்ஏ டெஸ்ட் வச்சி குடும்பங்களைப் பிரிச்சிப் பார்க்கிறது எப்படி

அமெரிக்காவுல 2010 சென்சஸ்ல வில்லியம்ஸ்னு சர்நேம் இருந்தவங்க 16 லட்சத்துக்கும் மேல. ஸ்மித், ஜான்சனுக்கு அடுத்து மூணாவது இடம். இத்தனை பேரும் ஒரே பூட்டனோட வாரிசா இருக்க முடியாதுன்னு யாருக்கும் தெரியும், ஆனா அவங்கவங்க ஃபேமிலி ட்ரீ போட உட்காரும்போது மட்டும் அது மறந்து போயிடுது, பழைய ரெக்கார்டுல அதே பேரு கண்ணுல பட்டா உடனே நம்மாளுன்னு எடுத்து ஒட்டிடுறாங்க.

வில்லியம்ஸ் எப்படி இவ்வளவு பெருகிச்சின்னா, வேல்ஸ்ல 16ஆம் நூற்றாண்டு வரைக்கும், சில பக்கங்கள்ல அதுக்கப்புறம் ரொம்ப காலம் கூட, நிலையான சர்நேமே கிடையாது. நம்ம ஊர் இனிஷியல் மாதிரி அப்பா பேரு தான் பிள்ளைக்கு ஒட்டும், அடுத்த தலைமுறையில அது மாறிடும். அந்த வழக்கம் நின்ன சமயத்துல எந்தெந்த வீட்ல அப்பா பேரு வில்லியமோ அந்த வீடெல்லாம் வில்லியம்ஸ் ஆயிடுச்சி. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகள். அதுல பல பேர் கப்பல் ஏறி வர்ஜீனியா, வட கரோலினா, பென்சில்வேனியான்னு போயி பக்கத்து பக்கத்துலயே நிலம் வாங்கினாங்க. 1865ல அடிமை முறை ஒழிஞ்சப்போ விடுதலையான கறுப்பின குடும்பங்கள்ல நிறைய பேர் இதே சர்நேமை வச்சிக்கிட்டாங்க, அது பழைய முதலாளி பேரா இருக்கணும்னு அவசியமும் இல்ல. இன்னிக்கு அமெரிக்காவுல இருக்கிற வில்லியம்ஸ்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் கறுப்பினத்தவங்க.

நம்ம கடற்கரையிலயும் இந்தக் கதை இருக்கு. 1530கள்ல முத்துக்குளித்துறை பரதவர்கள் போர்ச்சுகீசியர் கிட்ட ஞானஸ்நானம் எடுத்தப்போ அவங்க பேர்களும் கூடவே வந்துச்சி, அதனால தூத்துக்குடி ஃபெர்னாண்டோவும் இலங்கை ஃபெர்னாண்டோவும், ஏன் ஒரே தெருவுல இருக்கிற ரெண்டு ஃபெர்னாண்டோவுமே, பேரை மட்டும் வச்சி பங்காளின்னு சொல்லிட முடியாது. கீழ சொல்ற முறை இவங்களுக்கும் அப்படியே பொருந்தும், ஒப்பிட்டுப் பார்க்க டேட்டாபேஸ்ல நம்மாளுங்க கம்மின்றது தான் குறை. வில்லியம்ஸை வச்சே சொல்லிட்டுப் போறேன், ரெக்கார்டும் டெஸ்ட் எடுத்தவங்களும் அங்க தான் ஜாஸ்தி.

இது ஏன் வேலை செய்யுது

ஒய் குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போகும், பெரும்பகுதி அப்படியே மாறாம போகும். இங்கிலீஷ் சர்நேமும் அதே வழியில தான் இறங்குது. ரெண்டும் ஒரே பாதை. அதனால ரெண்டு பேர் நிஜமாவே ஆண் வழியில பங்காளின்னா சர்நேமும் ஒத்துப்போகணும், ஒய்யும் ஒத்துப்போகணும்.

ஆக்ஸ்ஃபோர்டுல பிரையன் சைக்ஸ் 2000ல தன்னோட சர்நேம் இருக்கிற ஆண்களையே எடுத்து டெஸ்ட் பண்ணி பேப்பர் போட்டாரு, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே ஒய் இருந்துச்சி. அப்புறம் லெஸ்டர் பல்கலைக்கழகத்துல டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 சர்நேம் எடுத்து 2009ல பெரிய ஆய்வு ஒண்ணு வெளியிட்டாங்க. ஸ்மித் மாதிரி பேர்ல, ரோட்ல போற யாரோ ரெண்டு பேரை எடுத்தா எவ்வளவு ஒத்துப்போகுமோ அவ்வளவு தான் ஒத்துப்போச்சி. அட்டன்பரோ மாதிரி அரிதான பேர்ல பத்துல கிட்டத்தட்ட ஒன்பது பேர் ஒரே வகையறா. இதை மனசுல வச்சிக்கோங்க, உங்க சர்நேம் எவ்வளவு காமனோ அவ்வளவுக்கு பேரு ஒத்துப்போறதுக்கு மதிப்பு கம்மி, டிஎன்ஏவுக்கு மதிப்பு ஜாஸ்தி.

படி 1: முதல்ல பேப்பர், அப்புறம் தான் கிட்

பேப்பர்னு நான் சொல்றது பழைய ரெக்கார்டு, கிட்னா டிஎன்ஏ சாம்பிள் எடுக்கிற பெட்டி. கிட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை எழுதுங்க, ஆமா இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேள்வியா இருக்கணும். "எங்க பூர்வீகம் என்ன"ன்றது கேள்வியே இல்ல. "1810ல டென்னசிக்கு வந்த எங்க தாமஸ் வில்லியம்ஸ், வர்ஜீனியாவுல மலையடிவாரத்துல இருந்த ஜான் வில்லியம்ஸ் வகையறாவா, இல்ல ஆத்தங்கரையில இருந்த இன்னொரு ஜான் வில்லியம்ஸ் வகையறாவா" அப்படின்னு இருக்கணும். இந்தப் பேரெல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சது, இதையே கடைசி வரைக்கும் ஓட்டுறேன்.

அடுத்து அந்த கவுன்ட்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அந்தக் காலத்துல அந்தப் பேர்ல இருந்த எல்லாரையும் லிஸ்ட் எடுங்க, உங்க ஆளை மட்டும் இல்ல. வரி லிஸ்ட், நிலப்பத்திரம், உயில், பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து போட்டவங்க, பக்கத்து நிலத்துக்காரங்க. அமெரிக்க சென்சஸ்ல 1790ல இருந்து 1840 வரைக்கும் வீட்டுத் தலைவர் பேரு மட்டும் தான் இருக்கும், மத்தவங்க வெறும் எண்ணிக்கை. 1850ல தான் வீட்ல இருக்கிற எல்லார் பேரும் வர ஆரம்பிச்சது, அதுவும் அடிமையா இல்லாதவங்க பேரு மட்டும். அதனால அதுக்கு முன்னாடி அப்பா மகன் உறவை சென்சஸ் சொல்லாது, மத்த பத்திரங்களைத் தான் நம்பணும்.

இங்க ஒரு பெரிய பள்ளம் இருக்கு. 18ஆம் நூற்றாண்டு ரெக்கார்டுல ஜான் வில்லியம்ஸ் சீனியர், ஜான் வில்லியம்ஸ் ஜூனியர்னு இருந்தா அப்பா மகன்னு எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்துல ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா வயசானவர் சீனியர், சின்னவர் ஜூனியர், அவ்வளவு தான் அர்த்தம். சித்தப்பாவா இருக்கலாம், சொந்தமே இல்லாதவராவும் இருக்கலாம். பெரியவர் செத்துப் போனதும் ஜூனியரே சீனியர் ஆயிடுவாரு. இதைத் தெரியாம கட்டின ஃபேமிலி ட்ரீ இன்டர்நெட் முழுக்க கிடக்கு, ஒருத்தர் போட்டதை நூறு பேர் காப்பி பண்ணி வச்சிருப்பாங்க, நூறு பேர் சொல்றதால அது உண்மையாயிடாது.

படி 2: சரியான டெஸ்ட்

விளம்பரத்துல வர்ற சாதாரண டிஎன்ஏ டெஸ்ட் ஆட்டோசோமல், அப்பா அம்மா ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும். ஆனா ஒவ்வொரு தலைமுறையிலயும் பாதி பாதியா குறைஞ்சிக்கிட்டே வரும். மூணாவது கசின்லயே (கொள்ளுத்தாத்தாவோட அப்பா ரெண்டு பேருக்கும் ஒருத்தரேன்ற அளவு சொந்தம்) பத்துல ஒருத்தர் மேட்ச்சா வர மாட்டாரு, நாலாவது கசின்னா சுமாரா பாதிப் பேர் வர மாட்டாங்க. 1750ல வாழ்ந்தவரைப் பத்தின கேள்விக்கு இது தனியா நின்னு பதில் சொல்லாது. அதோட இன்னொரு வில்லியம்ஸ் உங்களுக்கு மேட்ச்சா வந்தாலும், அந்தச் சொந்தம் வில்லியம்ஸ் வழியாத்தான்னு என்ன உத்தரவாதம், ரெண்டு பேருக்கும் பாட்டி வழியில வேற சொந்தம் இருக்கலாமே.

அதனால ஒய் டெஸ்ட் தான். ஹூஸ்டன்ல இருக்கிற ஃபேமிலிட்ரீடிஎன்ஏ கம்பெனி கிட்ட தான் சர்நேம் ஒப்பிடுறதுக்கான பெரிய டேட்டாபேஸ் இருக்கு. அங்க ஒய்-37, ஒய்-111, பிக் ஒய்-700 அப்படின்னு கிடைக்கும். நம்பர் பெருசாக ஆக எத்தனை இடத்தை ஒப்பிடுறோம்ன்றது கூடும், பணமும் கூடும். ஒய்-37ல ஆரம்பிச்சா போதும்ன்றது என் கருத்து, குடும்பங்களைப் பிரிக்கிறதுக்கு பெரும்பாலும் அதுவே பதில் சொல்லிடும், தேவைப்பட்டா அதே சாம்பிளை வச்சி மேல அப்கிரேட் பண்ணிக்கலாம். 23அண்ட்மீ மாதிரி டெஸ்ட் ஏற்கனவே எடுத்திருந்தா அதுல ஹேப்லோகுரூப் மட்டும், அதாவது உங்க ஒய் எந்தப் பழங்காலத்துக் கிளைன்றது மட்டும் வரும். ரெண்டு பேர் பங்காளி இல்லன்னு தள்ளுறதுக்கு அது உதவும், பங்காளி தான்னு சொல்றதுக்கு உதவாது.

பெண்களுக்கு ஒய் கிடையாது. அதனால நீங்க பொண்ணா இருந்தா அப்பா, அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா, அவங்க பையன்னு யாராவது ஒருத்தரைப் பிடிக்கணும். அந்தக் கிளையில ஆண் வாரிசே இல்லாம போயிருந்தா ஒரு தலைமுறை மேல ஏறி, தாத்தாவோட அண்ணன் தம்பி வழியா கீழ இறங்கித் தேடணும்.

படி 3: யார் கிட்ட சாம்பிள் எடுக்கிறது

முழு வேலையும் இங்க தான் நிக்குது, பல பேர் கோட்டை விடுறதும் இங்க தான். ஒரு வகையறாவுக்கு ஒருத்தர் போதாது, குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா இருந்தா பணம் வேஸ்ட், ஏன்னா அவங்க ஒத்துப்போனா அவங்க அப்பாவோட ஒய் எதுன்னு மட்டும் தான் தெரியும். மலையடிவார ஜானுக்கு ரெண்டு பையன்னு வையுங்க. மூத்தவர் வழியில இறங்கின ஒருத்தர், இளையவர் வழியில இறங்கின ஒருத்தர், இந்த ரெண்டு பேரும் ஒத்துப்போனா தான் அது ஜானோட ஒய்னு தைரியமா சொல்ல முடியும். எவ்வளவு தூரத்துச் சொந்தமோ அவ்வளவு நல்லது.

மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் விஷயத்துல இது பளிச்சுனு தெரியும். 2012ல லெஸ்டர்ல ஒரு கார் பார்க்கிங் கீழ அவரோட எலும்புக்கூடு கிடைச்சது. ஆண் வழி ஒய்யை ஒப்பிட, பேப்பர்படி ரிச்சர்டுக்கு ஆண் வழிப் பங்காளியான, 18ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த ஐந்தாவது பியூஃபோர்ட் பிரபுவோட ஆண் வழி வாரிசுகள்னு பேப்பர் சொன்ன ஐந்து பேரை எடுத்தாங்க. நாலு பேர் ஒரே குரூப், ஐந்தாவது ஆள் வேற. ஐந்து பேர்ல ஒருத்தர் கூட ரிச்சர்டோட ஒத்துப்போகல. தாய் வழி டிஎன்ஏ ஒத்துப்போச்சி, மத்த ஆதாரமும் இருந்துச்சி, அதனால எலும்பு அவரோடது தான்றதுல சிக்கல் இல்ல. ஆனா அரச குடும்பத்து பேப்பர்லயே ஆண் வழி ரெண்டு இடத்துல அறுந்திருக்குன்னு 2014ல ஆய்வு வெளியாச்சி. அந்த ஐந்தாவது ஆளை மட்டும் டெஸ்ட் பண்ணியிருந்தா அந்தப் பிரபு வகையறாவோட ஒய்யே தப்பா பதிவாகியிருக்கும்.

சாம்பிள் கேட்கும்போதே அந்தப் பெரியவர் கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. உங்க வம்சம் பேப்பர்ல இருக்கிற மாதிரி இல்லன்னு வரலாம், தெரியாத சொந்தம் வெளிய வரலாம், சரியான்னு கேளுங்க. கம்பெனியில போலீஸ் தேடலுக்கு அனுமதிக்கிற செட்டிங் இருக்கும், அதை ஆன் பண்றதா ஆஃப் பண்றதான்னு முடிவெடுக்க வேண்டியது அவரு தான், நீங்க இல்ல. அவருக்கு அப்புறம் அந்தக் கிட்டை யார் பார்த்துக்கணும்னும் எழுதி வாங்கிக்கோங்க. வகையறாவுல கடைசி ஆண் வாரிசு 80 வயசுல இருக்காருன்னா மத்த வேலையெல்லாம் அப்புறம், முதல்ல அவரோட சாம்பிள்.

படி 4: சர்நேம் புராஜெக்ட்ல பாருங்க

உங்களுக்கு முன்னாடியே யாராவது இந்த வேலையை ஆரம்பிச்சிருப்பாங்க. காமனான சர்நேம் எல்லாத்துக்கும் பெரும்பாலும் ஒரு புராஜெக்ட் இருக்கும், சம்பளம் வாங்காம ஆர்வத்துல நடத்துறவங்க தான் அட்மின். டெஸ்ட் எடுத்தவங்களை குரூப் குரூப்பா பிரிச்சி, ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்ச மூத்த முன்னோர் பேர், ஊர், வருஷத்தோட டேபிள் போட்டிருப்பாங்க. ஆத்தங்கரை ஜான் வகையறாவுல ஏற்கனவே ரெண்டு பேர் டெஸ்ட் எடுத்திருந்தா உங்களுக்கு அந்தச் செலவே மிச்சம். அட்மினுக்கு மெயில் போடுங்க, உங்க கேள்வியை ரெண்டு வரியில சொல்லுங்க, நல்லா உதவுவாங்க.

சாம்பிள் எடுக்கிறது ரொம்ப ஈஸி. கன்னத்தோட உள்பக்கம் பஞ்சுக்குச்சியால தேய்க்கிறது தான், அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடாம குடிக்காம இருக்கணும். ரிசல்ட் வர வாரக்கணக்கா ஆகும்.

படி 5: ரிசல்ட்டைப் படிக்கிறது

முதல்ல ஹேப்லோகுரூப் பாருங்க. இது பழங்காலத்துப் பெரிய கிளை. ஒருத்தருக்கு ஆர்1பி, இன்னொருத்தருக்கு ஐ1னு வந்தா அங்கேயே முடிஞ்சது, அவங்க ரெண்டு பேருக்கும் பொதுவான ஆண் வழி மூதாதை பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, சர்நேம் வந்ததே சில நூறு வருஷம் தான். பங்காளி இல்ல.

ஆனா ரெண்டு பேருக்கும் ஆர்-எம்269னு (ஆர்1பியோட பெரிய கிளை) வந்துடுச்சின்னு சந்தோஷப்படாதீங்க. மேற்கு ஐரோப்பா ஆண்கள்ல பாதிக்கு மேல அதே தான், வேல்ஸ்லயும் அயர்லாந்துலயும் இன்னும் ஜாஸ்தி. அதுல இருந்து ஒண்ணுமே தெரியாது.

அடுத்து மார்க்கர் நம்பர்கள். ஒவ்வொரு மார்க்கர்லயும் ஒரு சின்ன டிஎன்ஏ எழுத்து வரிசை எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருதுன்ற எண்ணிக்கை தான் அந்த நம்பர், எப்பவாவது ஒரு தலைமுறையில ஒண்ணு கூடும் இல்ல குறையும். இப்ப நம்ம மூணு வில்லியம்ஸை எடுத்துக்குவோம். மலையடிவார வகையறா ஆளுக்கு டிஒய்எஸ்393ல 13, 390ல 24, 19ல 14, 391ல 11, 388ல 12, 392ல 13. இது மேற்கு ஐரோப்பாவுல ரொம்ப சகஜமான ஆர்1பி வரிசை. ஆத்தங்கரை வகையறா ஆளுக்கு 393ல 13, 390ல 22, 19ல 14, 391ல 10, 388ல 14, 392ல 11. இது ஐ1 வரிசை. பாருங்க, 393லயும் 19லயும் ரெண்டும் ஒண்ணு தான், ரெண்டு மூணு நம்பர் ஒத்துப்போறது அர்த்தமில்லாததுன்னு இதுலயே தெரியும். ஆனா 388, 392 ரெண்டும் ரொம்ப மெதுவா மாறுற மார்க்கர், அதுல ரெண்டு ரெண்டு வித்தியாசம்னா சில நூறு வருஷத்து விஷயம் கிடையாது. இப்ப டென்னசி தாமஸோட வாரிசுக்கு 13, 22, 14, 10, 14, 11னு வந்தா மலையடிவார ஜானை அடிச்சிடலாம். இத்தனை வருஷமா மரத்துல ஒட்டி வச்சிருந்த அந்த உயிலும் நிலமும் இவங்களோடது இல்ல.

இதான் இந்த டெஸ்ட்டோட பெரிய பலம். இல்லன்னு சொன்னா அழுத்தமா சொல்லும். ஆமான்னு சொல்லும்போது தான் ஜாக்கிரதையா கேட்கணும்.

மொத்த வித்தியாசத்தை ஜெனட்டிக் டிஸ்டன்ஸ்னு ஒரே நம்பரா காட்டுவாங்க. 37 மார்க்கர்ல 4 வரைக்கும், 111ல 10 வரைக்கும் மேட்ச் லிஸ்ட்ல வரும். ஒரே சர்நேம், 37க்கு 0ல இருந்து 2 வித்தியாசம்னா பங்காளியா இருக்க நல்ல வாய்ப்பு. 3, 4னா எந்த மார்க்கர்ல வித்தியாசம்னு பாருங்க. சிடிஒய், 576, 570 மாதிரி மார்க்கர் அடிக்கடி மாறும், அதுல ரெண்டு போனா பெருசா எடுத்துக்க வேண்டாம். மெதுவா மாறுறதுல ரெண்டு போனா யோசிக்கணும்.

ஆர்1பி ஆட்களுக்கு இன்னொரு தொல்லை. அந்தக் கூட்டம் அவ்வளவு பெருசு, அதனால சம்பந்தமில்லாத ரெண்டு கிளை தனித்தனியா மாறி மாறி வந்து தற்செயலா ஒரே நம்பர்ல நிக்கும். வேற வேற சர்நேம்ல நூத்துக்கணக்குல மேட்ச் கொட்டினா இது தான் நடக்குதுன்னு சந்தேகப்படுங்க. அப்போ ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொருத்தருக்கு பிக் ஒய்-700 எடுக்கிறது தான் வழி. அது எண்ணிக்கையோட நிக்காம, ஒரு எழுத்து நிரந்தரமா மாறின இடங்களைத் தேடும், சராசரியா 80 வருஷம் சொச்சத்துக்கு ஒரு மாற்றம் கிடைக்கும்னு கணக்கு, அதனால ஒரு ஜானோட மூத்த பையன் கிளைக்கும் இளைய பையன் கிளைக்கும் இடையில கூட கோடு போட வாய்ப்பு இருக்கு. விலை தான் ஒய்-37ஐ விட பல மடங்கு. ஏப்ரல் 25 டிஎன்ஏ டே, ஃபாதர்ஸ் டே சமயத்துல தள்ளுபடி வரும், அதுவரைக்கும் காத்திருக்கலாம்.

படி 6: பேப்பர் ஒத்துப்போய் டிஎன்ஏ ஒத்துப்போகலன்னா

உடனே பாட்டி மேல சந்தேகப்படாதீங்க, தயவு செஞ்சி. ஒய் மாறினதுக்கு நிறைய காரணம் உண்டு. புருஷன் செத்துப்போன அம்மா மறுகல்யாணம் பண்ணி, குழந்தைங்க புது அப்பா பேரை எடுத்திருக்கலாம். தத்து. கல்யாணம் ஆகாத அம்மாவோட சர்நேம் பிள்ளைக்கு வந்திருக்கலாம். கடனுக்குப் பயந்தோ பட்டாளத்துல இருந்து ஓடியோ பேரையே மாத்தியிருக்கலாம். பெல்ஜியத்துல மார்ட்டன் லார்மூசோ பண்ண ஆய்வுகள்ல, அப்பான்னு பதிவானவர் நிஜத்துல அப்பா இல்லாத கேஸ் ஒரு தலைமுறைக்கு சுமார் ஒரு சதவீதம் தான்னு வந்துச்சி. கம்மி தான், ஆனா பத்து தலைமுறை தாண்டினா சேர்ந்து சேர்ந்து பத்து சதவீதம் பக்கத்துல வரும். அதனால காமனா நடக்கக்கூடியது தான்னு குடும்பத்துல சொல்லி வையுங்க.

எங்க அறுந்துச்சின்னு கண்டுபிடிக்க, பங்காளி வழியில ஒவ்வொரு படியா மேல போங்க. முதல் கசினை (பெரியப்பா சித்தப்பா பையன்) டெஸ்ட் பண்ணி அவரும் உங்களை மாதிரியே வந்தா அறுந்தது தாத்தாவுக்கோ அதுக்கு மேலயோ. ரெண்டாவது கசின் (தாத்தாவோட அண்ணன் தம்பி வழிப் பேரன்) வகையறாவோட ஒத்துப்போயி உங்களோட ஒத்துப்போகலன்னா நடந்தது தாத்தா பிறப்புல. கடைசி நாலஞ்சு தலைமுறைக்குள்ள நடந்ததுன்னா இங்க ஆட்டோசோமல் டெஸ்ட் அருமையா கை கொடுக்கும்.

படி 7: டிஎன்ஏ சொல்லாததையும் எழுதுங்க

அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெஃபர்சன் கேஸ் தெரிஞ்சிருக்கும், அவர் வீட்ல அடிமையா இருந்த சாலி ஹெமிங்ஸோட பிள்ளைங்களுக்கு அவரு தான் அப்பாவான்றது கேள்வி. அவருக்கு ஆண் வாரிசு வழி இல்ல, அதனால அவரோட பெரியப்பா ஃபீல்ட் ஜெஃபர்சன் வாரிசுகளோட ஒய்யை எடுத்து, சாலி ஹெமிங்ஸோட கடைசி மகன் எஸ்டன் ஹெமிங்ஸ் வழி வாரிசோட ஒப்பிட்டு 1998ல நேச்சர் இதழ்ல போட்டாங்க. ஒத்துப்போச்சி. ஜெஃபர்சனோட தங்கச்சி பசங்களான கார் (Carr) சகோதரர்கள் தான் அப்பான்னு குடும்பத்துல சொல்லிட்டு இருந்த கதை அடிபட்டுச்சி. ஆனா அந்த ஒய் எந்த ஜெஃபர்சனோடதுன்னு டிஎன்ஏ தனியா சொல்ல முடியாது, தம்பி ரேண்டால்ஃபுக்கும் அதே ஒய் தான். சாலி கருத்தரிச்ச சமயமெல்லாம் தாமஸ் மாண்டிசெல்லோவுல (அவரோட பண்ணை வீடு) இருந்தாருன்ற பேப்பர் ஆதாரத்தோட சேர்த்துத் தான் தாமஸ் ஜெஃபர்சன் பவுண்டேஷன் 2000ல அவரு தான் அப்பாவா இருக்க அதிக வாய்ப்புன்னு முடிவுக்கு வந்துச்சி.

உங்க முடிவையும் அதே மாதிரி எழுதுங்க. "தாமஸ், ஆத்தங்கரை ஜான் வகையறா, மகனா தம்பி மகனான்னு தெரியல, மலையடிவார ஜான் கண்டிப்பா இல்ல." எந்த கிட் நம்பர், எத்தனை மார்க்கர், எத்தனை வித்தியாசம், எந்தப் பத்திரம் எல்லாம் கூடவே. தள்ளிவிட்ட ஜானையும் ஏன் தள்ளினீங்கன்னு அதே பக்கத்துல வையுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் வேற யாரோ அவரைத் திரும்ப மரத்துல ஏத்திடுவாங்க. புராஜெக்ட் டேபிள்ல உங்க மூத்த முன்னோர் பேரு பழைய தப்போடவே இருந்தா லாகின் பண்ணி அதை மாத்துங்க, அட்மினுக்கும் ஒரு மெயில்.